அரசமைப்பில் ஒரு 2,500 ரூபாய்

இந்திய அரசமைப்பின் 276ஆவது பிரிவில் ஒரு தொகை எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு 2,500 ரூபாய். தொழில் வரி என்ற பெயரில் ஒரு மாநிலமோ உள்ளாட்சியோ ஒரு மனிதரிடம் இதற்கு மேல் வாங்கக் கூடாது. சம்பளச் சீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘பி.டி.’ என்று எட்டிப் பார்க்குமே, அதுதான்.

காலத்தோடு மாறக்கூடிய எண்ணை ஹார்ட்கோட் செய்யாதே என்பது நிரல் எழுத வருபவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று. நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே அதைச் செய்து வைத்திருக்கிறோம். 1950இல் 250 ரூபாய். 1988இல் 60ஆவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அதோடு சரி. அன்றைக்குப் பல வீடுகளில் அது ஒரு மாதச் சம்பளத்தைவிடப் பெரிய தொகை. இன்றைக்கு இரண்டு பேர் சுமாரான ஓட்டலில் சாப்பிட்டால் தீர்ந்துவிடும்.

போனால் போகட்டும், வரி குறைவாக இருந்தால் நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். யாருக்கு நல்லது என்று பாருங்கள். சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் வரி 1,250. அதாவது மாதம் 13,000 வாங்கும் ஜவுளிக்கடை ஊழியருக்கும் 1,250, மாதம் 5 லட்சம் வாங்கும் ஐடி மேலாளருக்கும் 1,250. 2024இல் மாநகராட்சி மன்றம் தொழில் வரியை உயர்த்தத் தீர்மானம் போட்டது. உச்சப் படிநிலையைத் தொட முடியாது, அரசமைப்பு தடுக்கிறது. ஆகவே உயர்ந்தது கீழே இருப்பவர்களுக்கு: அரையாண்டில் 21,000 முதல் 30,000 வரை சம்பாதிப்பவரின் வரி 135இலிருந்து 180. மேலே கூரை போட்டால் சுமை கீழேதான் இறங்கும். இதற்குப் பெயர் குடிமக்களைக் காப்பாற்றுவதா?

இந்தக் கூரையின் பூர்விகமும் அப்படித்தான். 1939இல் ஐக்கிய மாகாணத்தின் காங்கிரஸ் அரசு பெரிய சம்பளக்காரர்கள்மேல் வரி போடப் பார்த்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவசரமாகச் சட்டத்தைத் திருத்தி 50 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. சுதந்திர இந்தியா அந்தத் தொகையை மாற்றியது, வரம்பை அப்படியே வைத்துக்கொண்டது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. வருமான வரி ஒன்றியத்துக்குரியது. வரம்பில்லாமல் விட்டால் மாநிலங்கள் தொழில் வரியை இன்னொரு வருமான வரியாக்கிவிடும். சரிதான். ஆனா இந்தக் கட்டுப்பாடு ஏன் ஒரு பக்கம் மட்டும்? 50 லட்சத்துக்கு மேல் சம்பாதிப்பவரிடம் ஒன்றிய அரசு வருமான வரிமேல் சர்சார்ஜ் வாங்குகிறது. அது எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அரசமைப்பில் எண் கிடையாது. அதில் மாநிலத்துக்கு ஒரு பைசா பங்கும் கிடையாது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் பெரும்பாலான பொருள்களின் வரி விகிதத்தை மாநிலம் தனியாக முடிவு செய்யவும் நடைமுறையில் வழியில்லை. கடன் வாங்கலாம் என்றால், ஒன்றியத்துக்குப் பழைய கடன் பாக்கி இருக்கும்வரை அதன் சம்மதம் வேண்டும் என்கிறது 293ஆவது பிரிவு. இப்படி எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு, ‘மாநிலங்களுக்குச் சம்பாதிக்கத் தெரியல, செலவழிக்க மட்டும் தெரியுது’ என்று டிவி விவாதத்தில் உட்கார்ந்து பேசுகிறோம்.

பதினைந்தாவது நிதிக் குழு இந்த உச்சவரம்பை 18,000 ஆக்கச் சொன்னது. அதையும் அரசமைப்பில் எழுதினால் இன்னொரு முப்பது வருடத்துக்கு இன்னொரு எண். எண்ணை அங்கிருந்தே எடுக்க வேண்டும். வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடாது என்று நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தில் வரம்பு வைக்கட்டும். அதற்குள் எவ்வளவு என்பதை மாநிலம் முடிவு செய்யட்டும். அதிகமாகப் பிடுங்கினால் அடுத்த தேர்தலில் ஜனங்கள் கேட்பார்கள்.

தொழில் வரி மாநகராட்சிக்குப் போகிற பணம். மழைநீர் வடிகாலுக்கும் தெருவிளக்கும் குப்பை லாரிக்குமான பணம். ஒவ்வொரு டிசம்பரிலும் தண்ணீர் தேங்கினால் மாநகராட்சியைத் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். கூடவே, வருடத்துக்கு 2,500க்கு மேல் நம்மிடம் கேட்கக் கூடாது என்று அதன் கையைக் கட்டிவைத்திருப்பதையும் சேர்த்துப் பேசுவோம்.