சாய்ந்தபடியே ஒரு சவாரி... முதல் ரிகம்பென்ட் சைக்கிள் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

1933-ம் ஆண்டு, ஜூலை 7. பாரிஸில் இருந்த சைக்கிள் பந்தயத் தளத்துக்கு ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் விநோதமான ஒரு வண்டியோடு வந்தார். சார்ல்ஸ் மோஷே என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்த சைக்கிள் அது. அதில் முதுகை வளைத்துக் குனிய வேண்டாம். வீட்டுத் திண்ணையில் தாத்தா ஈஸி சேரில் சாய்வதுபோலச் சாய்ந்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். ஃபோர் அன்றைய முதல் வரிசை வீரர்கூட இல்லை. ஆனால், ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்துவிட்டார். 1914-ல் ஆஸ்கர் எக் படைத்த 44.247 கிலோமீட்டர் சாதனை, 19 வருடங்களுக்குப் பிறகு பின்னுக்குப் போனது.

சர்வதேச சைக்கிள் அமைப்பு இதை ரசிக்கவில்லை. பந்தய சைக்கிள் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று 1934-ல் விதி வகுத்து, சாய்வு வண்டியை வழக்கமான சாதனைப் பட்டியலிலிருந்து விலக்கிவைத்தது. பந்தயத்தில் இடமில்லாத வண்டி, கடைகளிலும் ஓரங்கட்டப்பட்டது.

ஆனாலும் ரிகம்பென்ட் சாகவில்லை. நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளில் அதற்கென்று சிறிய, விடாப்பிடியான ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. அதில் வேகத்துக்காக வந்தவர்களும் உண்டு. கழுத்து வலி, மணிக்கட்டில் மரத்துப்போகும் உணர்வு, சாதாரண சீட்டில் உட்காரவே முடியாத அவஸ்தை... இதனாலெல்லாம் 'இனி சைக்கிளே வேண்டாம்' என்று முடிவெடுத்தவர்களும் நிறைய. அவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு.

அந்த வாய்ப்பைத் தவறான வண்டியை வாங்கி வீணடித்துவிடவும் முடியும். புது வண்டிக்குச் சில ஆயிரம் டாலர்கள் ஆகின்றன. வீடியோவில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, பத்து நாள் ஓட்டிவிட்டு, வீட்டு கராஜில் போர்வை போர்த்தி நிறுத்துவதற்கு அது சின்னத் தொகை இல்லை. முதல் ரிகம்பென்டைக் கண்ணால் தேர்ந்தெடுக்கக் கூடாது, உடம்பால் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு சக்கரமா, மூன்று சக்கரமா?

இதுதான் முதல் கேள்வி.

இரண்டு சக்கர வண்டிகளில் முக்கியமாக இரண்டு வகை. நீளமான வகையில் பெடல்கள் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும். ஓட்டுவதற்கு நிதானமானது, பழகுவதும் எளிது. ஆனால், திருப்ப அதிக இடம் வேண்டும், காரில் ஏற்றுவதும் சிரமம். குட்டை வகையில் பெடல்கள் முன்சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சுறுசுறுப்பானது, எடுத்துச் செல்ல வசதியானது. ஆனால், மெதுவாகத் திரும்பும்போது சில வண்டிகளில் குதிகால் முன்சக்கரத்தில் உரசும். பழகும் வரை தடுமாற்றமும் அதிகம்.

மூன்று சக்கர வண்டிகளில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பது பரவலான அமைப்பு. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்பது இன்னொரு வகை. இவற்றில் பேலன்ஸ் பற்றிய கவலை இல்லை. சிக்னலில் காலை ஊன்ற வேண்டாம். மேட்டில் நடை வேகத்தில் ஏறினாலும் சாயாது. பக்கவாதத்துக்குப் பிறகோ, காதுப் பிரச்னையாலோ பேலன்ஸ் குறைந்தவர்கள் மறுபடி சாலைக்கு வருவது பெரும்பாலும் இதில்தான். மூன்று சக்கரம் என்பதால் கவிழவே கவிழாது என்று நினைத்துவிடக் கூடாது. வேகமாகத் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பை உள்பக்கம் சாய்க்கப் பழக வேண்டும்.

வீட்டிலேயே மூன்று சோதனைகள்

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை இவை. செலவு எதுவுமில்லை.

முதலாவது, முக்காலி சோதனை. மூன்று சக்கர வண்டிகள் பலவற்றில் சீட், தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரத்தில்தான் இருக்கும். வீட்டில் இருக்கும் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் ஐந்து முறை எழுந்து பார்க்க வேண்டும். மூன்றாவது முறையே முழங்கால் முனகுகிறதா? அப்படியென்றால் சீட் உயரமாக உள்ள மாடல்தான் சரி. ஓட்டுவது சுகமாக இருந்து, இறங்குவது போராட்டமாக இருந்தால், அந்த வண்டியை நாளடைவில் யாரும் தொட மாட்டார்கள்.

இரண்டாவது, சுவர் சோதனை. சுவரில் முதுகும் இடுப்பும் ஒட்டும்படி தரையில் உட்கார்ந்து, காலை நேராக நீட்ட வேண்டும். சுவரிலிருந்து உள்ளங்கால் வரை உள்ள நீளத்தை டேப்பால் அளக்க வேண்டும். சாதாரண சைக்கிளுக்கு ஆளின் உயரம் ஓரளவு வழிகாட்டும். இங்கே முக்கியம் இந்தக் கால் அளவுதான். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இது வேறுபடும். எந்த மாடல் எந்தக் கால் அளவுக்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளர்கள் பலர் சொல்லிவிடுகிறார்கள்.

மூன்றாவது, கதவு சோதனை. முன்னால் இரு சக்கரங்கள் கொண்ட வண்டி சுமார் 80 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். வீட்டு வாசல், லிஃப்ட், மாடிப்படி வளைவு எல்லாவற்றையும் அளந்துவிட வேண்டும். வண்டியும் 15 முதல் 20 கிலோ வரை கனக்கும். தினமும் இரண்டு மாடி தூக்கிச் செல்ல வேண்டும் என்றால், எவ்வளவு ஆசையும் ஒரு மாதத்தில் கரைந்துவிடும். இடம் குறைந்தவர்களுக்காக மடக்கக்கூடிய மாடல்களும் இருக்கின்றன.

முதுகு வலிக்காக வாங்க நினைப்பவர்கள் நான்காவதாக ஒன்றையும் செய்ய வேண்டும். அது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது. சாய்ந்து உட்காருவது எல்லா முதுகு வலிக்கும் ஒத்துவராது.

ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டலாமா?

கூடாது. முடிந்தவரை இரண்டு மூன்று வகைகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 1996-ல் தொடங்கிய 'ஸ்பெட்சி' என்ற சிறப்பு சைக்கிள் கண்காட்சிக்கு ரிகம்பென்ட் பிரியர்கள் தேடிப்போவது இதனால்தான். பல வருடங்கள் கெர்மர்ஸ்ஹைம் என்ற ஊரில் நடந்த இது, 2023-ல் லாவுக்ரிங்கனுக்கு மாறியது. பல நிறுவனங்களின் வண்டிகளை ஒரே இடத்தில் ஓட்டிப் பார்க்கக் கிடைப்பதுதான் அதன் பெரிய ஈர்ப்பு.

இரண்டு சக்கர ரிகம்பென்டை முதல் ஐந்து நிமிடத்தில் எடைபோடக் கூடாது. வழக்கமான சைக்கிளில் இருபது வருட அனுபவம் உள்ளவரும் முதலில் தள்ளாடுவார். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து, தலையை முன்னால் தூக்கிக்கொண்டு ஓட்டுவதுதான் காரணம். சின்ன கியரில் வைத்து, முதுகை சீட்டில் முழுமையாகச் சாய்த்து, தோளைத் தளர்த்தி, பார்வையைத் தூரத்தில் வைத்தால் வண்டி தானாக நேராகும். காலியான மைதானத்தில் அரை மணி நேரமாவது பழகிய பிறகு முடிவெடுப்பது நல்லது.

சீட்டையும் கவனிக்க வேண்டும். வலைத்துணி சீட் காற்றோட்டமானது, வெயில் காலத்துக்கு ஏற்றது. ஃபைபர் ஓட்டின்மேல் ஸ்பான்ஞ்ச் வைத்த சீட், மிதிக்கும் சக்தியை வீணாக்காமல் தாங்கும். ஆனால் முதுகு வியர்க்கும்.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. ஆனால், சில இடங்களில் கை வைத்துப் பார்க்க வேண்டும். ரிகம்பென்டின் செயின் சாதாரண சைக்கிளைவிட இரண்டு, மூன்று மடங்கு நீளம். அதை வழிநடத்தும் சிறு உருளைகளும் பிளாஸ்டிக் குழாய்களும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெடல் பகுதியைத் தாங்கும் முன்குழாய், வாங்குபவரின் கால் அளவுக்கு நகர்கிறதா என்பதும் முக்கியம். அதை நகர்த்தினால் செயினில் கண்ணிகளைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டிவரலாம். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே பேச வேண்டும்.

துணைக்கருவிகள்: முதல் காசு எதற்கு?

வண்டி வந்ததும் கை துறுதுறுக்கும். ஸ்பீடோமீட்டர், போன் ஸ்டாண்ட், கார்பன் பாகங்கள் என்று மனசு அலையும். ஆனால் முதல் செலவு, மற்றவர்கள் கண்ணில் படுவதற்குத்தான். தாழ்வான வண்டியில் உட்கார்ந்தவரின் தலை, கார் ஜன்னலின் உயரத்தில்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு உயரமான கார் நின்றாலே அவர் மறைந்துவிடுவார்.

*கொடி:* ஃபைபர் கம்பியில் ஆளைவிட உயரமாகப் பறக்கும் பளிச் நிறக் கொடி. அசையும் பொருளைக் கண் சீக்கிரம் பிடிக்கும் என்பதால் காற்றில் படபடப்பது நல்லது. விலை குறைவு, பயன் அதிகம்.

*பின்பக்கக் கண்ணாடி:* சாய்ந்த நிலையில் உடம்பைத் திருப்பிப் பார்ப்பது கஷ்டம். அதனால் கண்ணாடி கட்டாயம். மூன்று சக்கர வண்டிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும்.

*விளக்கு:* பின்விளக்கை சீட்டின் உச்சியில் பொருத்த வேண்டும். பை மறைக்கும் இடத்தில் மாட்டினால் இருந்தும் இல்லாததுபோல்தான்.

*காலைப் பிடிக்கும் பெடல்:* மூன்று சக்கர வண்டிக்கு இது முதல் நாளிலிருந்தே அவசியம். ஓடும்போது கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி அந்தக் காலின் மேலேயே ஏறி அடியில் இழுத்துவிடும். எலும்பு முறிவு வரை போகக்கூடிய விபத்து இது. கிளிப் உள்ள ஷூ அல்லது குதிகாலைத் தாங்கும் பெடல் பொருத்த வேண்டும். இரண்டு சக்கர வண்டி பழகுபவர்களுக்கு இதற்கு நேர்மாறு. பேலன்ஸ் கைகூடும் வரை சாதாரண பெடல்தான் பாதுகாப்பு, சட்டென்று காலை ஊன்ற முடியும்.

*மட்கார்டு:* முன்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டியில் மழைத் தண்ணீர் நேராக முழங்கையில் வந்து அடிக்கும். மழை ஊரில் இதைத் தள்ளிப்போட முடியாது.

*பை, தண்ணீர்:* முதுகில் பை மாட்ட இங்கே வழியில்லை. சீட்டின் இரு பக்கமும் தொங்கும் பைகள் கிடைக்கின்றன. தண்ணீர்ப் பையை சீட்டின் பின்னால் மாட்டி, உறிஞ்சுகுழாயைத் தோள்வழியாக எடுத்துக்கொண்டால் பாட்டிலைத் தேடித் துழாவ வேண்டாம்.

*டியூப்:* குட்டை வகை வண்டிகளில் முன்சக்கரம் சின்னதாகவும் பின்சக்கரம் பெரிதாகவும் இருப்பதுண்டு. ஒரே ஒரு ஸ்பேர் டியூப் வைத்திருந்தால் பாதி பஞ்சருக்குத்தான் உதவும். இரண்டு அளவும் பையில் இருக்க வேண்டும்.

கழுத்துத் தாங்கி, மோட்டார் இரண்டையும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். சீட்டின் சாய்வைச் சற்று நிமிர்த்தினாலே கழுத்து வலி போய்விடுவதுண்டு. மோட்டார் வேண்டுமா என்பதை இரண்டு மாதம் ஓட்டிய கால்கள் சொல்லட்டும். ஹெல்மெட் மட்டும் வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். பின்பக்கம் நீண்ட ஹெல்மெட் சீட்டில் இடித்துத் தலையை முன்னால் தள்ளும்.

முதல் மாதம் பொறுமை

ரிகம்பென்டுக்கு வேறு தசைகள் உழைக்கின்றன. பல வருடம் சைக்கிள் ஓட்டியவருக்கும் முதல் சில வாரங்கள் தொடை எரியும், பிட்டம் வலிக்கும், பெடல் உயரமாக இருந்தால் பாதம் மரத்துப்போகும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்க வழியே இல்லை. சின்ன கியருக்கு மாற்றி, வேகமாகச் சுழற்றித்தான் ஏற வேண்டும். பெரிய கியரில் முட்டி மோதினால், பின்னால் சீட் தாங்குவதால் மொத்த அழுத்தமும் முழங்காலில் இறங்கும். புதிதாக வாங்கியவர்கள் முழங்கால் வலி என்று புலம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெயிலும் புது இடத்தில் தாக்கும். வானம் பார்த்து உட்காருவதால் முகமும் தொடையின் மேல்பக்கமும் கருக்கும். தொப்பி விளிம்பு, கறுப்புக் கண்ணாடி, சன் ஸ்கிரீன் மூன்றும் முதல் நாளிலிருந்தே தேவை.

ஐந்து கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போவது நல்லது. ஒவ்வொரு வாரமும் சீட்டின் சாய்வையோ முன்குழாயின் நீளத்தையோ, ஏதாவது ஒன்றை மட்டும் சிறிது மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. மாற்றும் முன் பழைய இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்தால் திரும்பப் போக வழி இருக்கும்.

ஒரு மாதம் கழித்து, இறங்கும்போது மணிக்கட்டையும் கழுத்தையும் தேய்த்துக்கொள்ளாமல் ஒருவர் நேராக வீட்டுக்குள் நடந்துபோனால், அவர் சரியான வண்டியைத்தான் வாங்கியிருக்கிறார். ஸ்பீடோமீட்டரை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்!