ஜெனரல் பெட்டியில் வருகிறவருக்கும் சட்டம் உண்டு



2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தில் சிக்னல் கோளாறால் லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290 பேருக்கு மேல் மாண்டனர். ஊருக்குப் போகவர நாம் ஏறுகிற வண்டி அது. அன்று ஜெனரல் பெட்டிகளில் இருந்தவர்களில் பலர் தெற்கே கூலிவேலைக்குப் போன வங்காள, பீகார் தொழிலாளர்கள். நாம் வயிற்றுக்காக இங்கே வந்தோம். அவர்கள் அதே வயிற்றுக்காக நம் ஊர்ப் பக்கம் போனார்கள்.

ரிசர்வேஷன் பெட்டியில் இருப்பவர் பெயர் சார்ட்டில் இருக்கும். ஜெனரல் டிக்கெட்டில் பெயர் கிடையாது. புவனேஸ்வர் எய்ம்ஸில் கிடந்த உடல்களில் 28 உடல்களுக்குக் கடைசிவரை யாரும் வரவில்லை. நான்கு மாதம் கழித்து, அக்டோபரில் எரியூட்டினார்கள். எத்தனை வீடுகளில் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ!

இத்தகைய குடும்பங்களிடம், "டிக்கெட் இல்லையா? அப்படியானால் ஒன்றும் கிடைக்காது" என்று சொல்லி அனுப்பும் புண்ணியவான்கள் உண்டு. அது பொய். ரயில்வேயில் சம்பளம் வாங்குகிற நாமே சொல்கிறோம், நம்புங்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124-ஆம் பிரிவு ரயில் விபத்துக்கும், 124ஏ பிரிவு ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுவதற்கும் இழப்பீடு தருகின்றன. யார் மேல் தவறு என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரி முதல் உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். மந்திரிகள் அறிவிக்கும் கருணைத்தொகை வேறு, இது வேறு. இது பிச்சையல்ல, சட்டப்படி வரவேண்டியது.

2018-இல் ரீனா தேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவாகச் சொன்னது: உடலருகே டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே அவர் பயணியல்ல என்று தள்ளக்கூடாது, குடும்பத்தார் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தரலாம். ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தாலும் இழப்பீடு உண்டு. ஆனால் குடிபோதையில் விழுந்தால் 124ஏ-இல் ஒரு பைசா கிடையாது. பொங்கலுக்குப் போகும்போது 'கொஞ்சம்' போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்காரும் தம்பிமார் காதில் இது விழட்டும்.

மனுவை ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொல்கத்தாவிலேயே அதன் பெஞ்ச் இருக்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம் என்றாலும், அதை நம்பி உட்காராதீர்கள். ரயில்வே போலீசின் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டையும் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். பாதிப்பங்கு கேட்டு வரும் தரகனிடம் வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

டிக்கெட் வாங்கியதும் அதைப் போட்டோ எடுத்து, எந்த வண்டி, எந்தப் பெட்டி என்ற விவரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். சட்டைப்பையில் வீட்டு நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். போன் நொறுங்கிப்போகலாம்.

நம் கோரிக்கை ஒன்றும் உண்டு. புருஷனைப் பறிகொடுத்தவள், பாஷை தெரியாத ஊரில் வக்கீலைத் தேடி அலைவது என்ன நியாயம்? விபத்து நடந்த இடத்திலேயே, அவரவர் மொழியில், மனுப்படிவத்தை ரயில்வே நிர்வாகமே குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். இதை நம் சங்கங்கள் வங்காளத் தொழிலாளர் சங்கங்களோடு சேர்ந்து கேட்க வேண்டும்.