யார் கேட்கிறார்கள் உங்களை?

மகளிர் சுயஉதவிக் குழு என்றாலே, 'கடன் வாங்குற கூட்டம்தானே?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

தமிழகத்தில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாக இது தொடங்கியது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்தான் முதல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டாம், குழுவிலேயே கேட்கலாம்.

அன்று அந்த மாவட்டத்தில் இருந்ததுதான் இன்றைய கிருஷ்ணகிரி. அங்குள்ள சாமனப்பள்ளியில் 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்க, குழுப் பெண்களையே தேர்ந்தெடுத்தார்கள். சரிதானே? தெரிந்த முகம் கேட்டால்தான், 'தலை சுத்துதுக்கா' என்று ஒருத்தி வாய் திறப்பாள்.

நமக்கோ படிப்பு இருக்கிறது, டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார். கேட்கத்தான் ஆளில்லை! பக்கத்து வீட்டுத் தோழியிடம் இன்றே கேளுங்கள்: 'பி.பி. பார்த்து எத்தனை நாளாச்சு?'