மாடல் வருடத்துக்கு ஒன்று போதும், விலை குறையட்டும்!

"இப்போதே வாங்கலாமா, அடுத்த மாடல் வரும்வரை பொறுக்கலாமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. தயாரிப்பாளர்கள் மாடல் பெயரை அடிக்கடி மாற்றுகிறார்கள், விலையை மட்டும் குறைக்க யோசிக்கிறார்கள். குழப்பத்துக்குக் காரணம் அதுதான் என்பது என் கருத்து.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7520யூ ப்ராசசரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் அறிவிக்கப்பட்டது. 7000 வரிசை என்றதும் புத்தம் புதியது என்று தோன்றும். உள்ளே இருப்பதோ 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. எண்ணில் மூன்றாவதாக உள்ள 2 அதைத்தான் குறிக்கிறது. கடையில் நின்றுகொண்டு யார் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்கப் போகிறார்கள்? இமெயில் பார்க்கவும் வீட்டுக் கணக்கு எழுதவும் அந்த ப்ராசசர் தாராளமாகப் போதும். பழையது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எதையுமே மாற்றாமல் விட்ட கதையும் உண்டு. ஆப்பிளின் மேக் ப்ரோ 2013 டிசம்பரில் 2,999 டாலருக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு மேல் பாகங்களும் மாறவில்லை, விலையும் இறங்கவில்லை. 2017 ஏப்ரலில்தான் அதே விலைக்கு நான்கு கோருக்குப் பதில் ஆறு கோர் கொடுத்தார்கள். 2016-ல் வாங்கியவர் 2013 சரக்குக்கு முழு விலை கொடுத்தார்!

கிரீன்வேஸ் சாலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிச் சற்று நடந்தால் ரிச்சி தெரு. அங்கே ராம், ஹார்ட் டிஸ்க் விலை இன்று இருப்பதுபோல் நாளை இருக்காது. ஏறவும் செய்யும், ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்கள் போனதால் 2025 இறுதியில் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. சிறிய கடைக்காரரால் நாளுக்கு நாள் விலையை மாற்ற முடிகிறது. பெரிய கம்பெனியால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடியாதா?

பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பியை எப்படி மாற்றுவது என்பார்கள். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ம் ஆண்டு விதிகளே வழி சொல்கின்றன: பழைய விலையை மறைக்காமல், குறைந்த விலையைத் தனி ஸ்டிக்கராக ஒட்டலாம். ஸ்டாக் வைத்திருக்கும் டீலருக்கு நஷ்டம் வருமே என்பது நியாயமான கவலைதான். அந்த வித்தியாசத்தைத் தயாரிப்பாளர் ஈடுகட்டட்டும். தீபாவளிக்குத் தள்ளுபடி தருகிறோமே என்றால், ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைக்காக வாங்குபவர் என்ன பாவம் செய்தார்?

அதே விதிகளின்படி, தயாரித்த மாதமும் வருடமும் பெட்டியில் இருக்க வேண்டும். பில் போடுவதற்கு முன் அதைப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால், கடைக்காரரிடம் அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.