வாலிபர்கள் எப்போது தலைவர்கள்?

வாலிபர் ஞாயிறு அன்று எந்தச் சபைக்குப் போனாலும் ஒரு வாசகம் தவறாமல் வரும். "வாலிபர்கள்தான் நாளைய சபையின் தலைவர்கள்!" எல்லோரும் கை தட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் அந்த நாளைய தலைவர்கள் நாற்காலிகளை அடுக்கப் போய்விடுவார்கள். நாற்காலி அடுக்குவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. இயேசு சீஷர்களுடைய கால்களையே கழுவினார். கேள்வி அதுவல்ல. அந்த 'நாளை' எப்போது வரும்? யாருக்கு வரும்?

கடலூர் - சிதம்பரம் சாலையில், சிப்காட் ஆலைகளை ஒட்டி இருக்கும் செம்மங்குப்பம் மாதிரி ஒரு ஊரில் வளரும் கிறிஸ்தவப் பிள்ளைக்குத் தலைமைத்துவம் பற்றிக் கையில் கிடைக்கும் புத்தகங்களில் பாதி அமெரிக்காவில் எழுதப்பட்டவை. பெரிய சபை, பெரிய மேடை, ஆயிரக்கணக்கில் கூட்டம்... அவற்றிலும் நல்லவை உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் அவ்வளவு தூரத்தில் இல்லை. கடலூரிலேயே இருக்கிறது.

1706-ல் ஜெர்மனியிலிருந்து சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 23. இன்றைய கணக்கில் அவரே வாலிபர் ஐக்கியத்து உறுப்பினர்தான்! வந்ததும் அவர் பிரசங்க மேடை தேடவில்லை. ஒரு தமிழ் வாத்தியாரை வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதப் பழகினார். 1717-ல் தரங்கம்பாடி மிஷன் ஆங்கிலேயர் வசம் இருந்த கடலூரில் ஒரு பள்ளி தொடங்கியது. அந்தப் பள்ளியோடு தொடர்புக்கு வந்தவர்தான் கடலூரில் பிறந்த ஆறுமுகம். வியாபாரக் குடும்பம், வெள்ளாளர். 1718-ல், ஏறக்குறைய 20 வயதில், ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் போதகராக அபிஷேகம் செய்யப்பட்டார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்டு இந்தியப் போதகர் ஒரு கடலூர்க்காரர். நம் மாவட்டத்துச் சபைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதில் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள 15 வருடங்கள். அந்தக் காலத்தில் அவர் உபதேசியாராக இருந்தார். உபதேசியார் வேலை என்றால் நடக்க வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும், வியாதிக்காரரைப் பார்க்க வேண்டும், திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும். தஞ்சை ராஜ்யத்துக்குள் ஐரோப்பிய மிஷனரிகள் இஷ்டப்படி போய்வர முடியாத காலம் அது. அங்கிருந்த விசுவாசிகளைக் கவனிக்க ஒரு தமிழர் தேவைப்பட்டார். மாயவரம் பக்கத்துக் கிராமங்கள் ஆரோன் பொறுப்பில் வந்தன. 1745-ல் மரணம் வரை அந்த வேலைதான்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தை எல்லா வாலிபர் முகாமிலும் வாசிப்பார்கள். இளவயது என்பதால் யாரும் உன்னை லேசாக எண்ணிவிடக் கூடாது என்ற பொருளில் வரும் இடம். வாலிபர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம்! ஆனால் அதே நிருபத்தின் 3-ஆம் அதிகாரம், புதிதாக வந்தவரைக் கண்காணி ஆக்கிவிடாதே, பெருமையில் விழுந்துவிடுவான் என்று எச்சரிக்கிறது. இதைப் பெரியவர்களுக்குப் பிடிக்கும். இரண்டையும் எழுதியது ஒரே கை. பொறுப்பைச் சீக்கிரம் கொடுங்கள், பட்டத்தை மெதுவாகக் கொடுங்கள் என்றுதான் இரண்டையும் சேர்த்துப் படித்தால் புரிகிறது. ஆரோனுக்கு நடந்ததும் அதுவே. இன்று பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. கீபோர்டு வாசிக்கத் தெரிந்த பையனுக்கு மூன்றே மாதத்தில் 'வாலிபர் தலைவர்' பட்டம். ஆனால் சபைக் கணக்கில் ஒரு பக்கத்தைக்கூட அவன் பார்த்திருக்க மாட்டான். வாராவாரம் ஞாயிறு பள்ளியில் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கும் அக்காவுக்கு எந்தப் பட்டமும் கிடையாது, அது வேறு கதை.

சரி, ஆரோன் கதை இனிமையானது. அதோடு நிறுத்திக்கொண்டால் வசதியாக இருக்கும். ஆனால் பக்கத்திலேயே இன்னொருவர் நிற்கிறார். ராஜநாயக்கன்.

இவர் தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். கத்தோலிக்கராக வளர்ந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷங்களைப் படித்துவிட்டுத் தானே மிஷனரிகளைத் தேடி வந்தார். உபதேசியாராகி, எதிர்ப்புகளுக்கு நடுவே தஞ்சைப் பகுதியில் உழைத்தார். அடுத்த இந்தியப் போதகரை நியமிக்கும் பேச்சு வந்தபோது இவர் பெயரும் வந்தது. ஆனால் 1741-ல் அபிஷேகம் பெற்றவர் தியோகு. ராஜநாயக்கன் பறையர் சமூகத்தவர். அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். விசுவாசத்தில் குறை சொல்லவில்லை, உழைப்பில் குறை சொல்லவில்லை. அப்பத்தை எந்தக் கை கொடுக்கிறது என்பதுதான் பிரச்சினை. அவர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இது 280 வருடத்துக்கு முந்தைய விஷயம்தானே என்று தள்ளிவிட முடியுமா? தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவர்கள் புதைப்பதற்குத் தனித்தனி இடம் தேடுகிறார்கள்! ஆனால் வாலிபர் முகாம் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். செல்போன், சினிமா, காதல், தேர்வு பயம், தேவ சித்தம் அறிவது எப்படி... சாதி என்ற வார்த்தை அதில் அபூர்வம். சபைத் தேர்தலில் யார் எந்தப் பக்கம் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். முகாமில் மட்டும் யாருக்கும் தெரியாது. பாவங்களின் பட்டியலில் இதைச் சேர்க்காத வாலிப ஊழியம் பாட்டுப் பயிற்சியாக மட்டுமே இருக்கும். இதைப் பேச வாலிபர்களை விடப் பொருத்தமானவர்கள் யார்? பெரியவர்களுக்குக் காப்பாற்ற வேண்டிய பதவிகள் உண்டு, வாலிபர்களுக்கு இன்னும் இல்லை.

பட்டம் இல்லாமலேயே தலைமை ஏற்க முடியும் என்பதை இந்த மாவட்டம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்தபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தைச் சேர்ந்த முஸ்லிம்கள் பக்கத்து மீனவக் கிராமங்களுக்குச் சோறு கொண்டு ஓடினார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்யவும் உதவினார்கள். அங்கே யாரும் யாருடைய நியமனக் கடிதத்தையும் கேட்கவில்லை. கிறிஸ்தவ வாலிபர்கள் தலைமைத்துவப் பாடத்தில் இதையும் படிக்கலாம். நல்ல சமாரியன் உவமையும் வேற்று இனத்தான் ஒருவனைக் காட்டித்தானே சொல்லப்பட்டது?

அசரியாவையும் சொல்ல வேண்டும். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர், 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் ஆனார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தப் பணத்தில் ஊழியம் செய்வதைப் பார்த்தார். அடுத்த வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அப்போது அவருக்கு 30 கூட ஆகவில்லை. 1912-ல் அவர் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனது அப்புறம்.

சபைகள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். கமிட்டியில் இருபது வயதுக்குள் இரண்டு பேரை உட்கார வைக்கலாம், ஓட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காணிக்கை எண்ணும்போது கூட நிற்கச் சொல்லலாம். ஐயர் ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும் போகும்போது ஒரு பையனை, ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகலாம். அப்படிக் கூட்டிப் போகப்படும் பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், எந்தத் தெருவிலிருந்து வருவதே இல்லை என்பதை வருடத்துக்கு ஒருமுறை எண்ணியும் பார்க்கலாம்.