கூச்சலுக்குப் பதில் ஓர் ஆல்பம்

1995 ஆகஸ்ட் 3. நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்தில் 'தி சோர்ஸ்' பத்திரிகையின் ராப் இசை விருது விழா. சிறந்த புதிய குழு என்று அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் இரட்டையர் அறிவிக்கப்பட்டதும் அரங்கில் கிளம்பியது கேலிக் கூச்சல். ராப் என்றால் அது பிறந்த நியூயார்க். மிஞ்சிப் போனால் அதற்குச் சவால் விட்ட லாஸ் ஏஞ்சலீஸ். நடுவில் தெற்கத்தியான்களுக்கு என்ன வேலை? பிக் பாய் என்கிற ஆன்ட்வான் பேட்டன் நாசூக்காகச் சமாளித்தார். ஆண்ட்ரே பெஞ்சமின்தான் எரிச்சலோடு, தெற்கிற்கும் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினார். இருவருக்கும் அப்போது வயது 20.

பிரச்சினை பேச்சில் இருந்தது. அமெரிக்கத் தெற்கின் பேச்சு இழுவையானது. சொற்களின் வால் விழுங்கப்படும். பருத்திக் காட்டை நினைவூட்டும் பட்டிக்காட்டுப் பேச்சு என்று வடக்கில் அதற்கு இளக்காரம். வேடிக்கை என்னவென்றால், வடக்கு நகரங்களின் கறுப்பர்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள்தான்.

பதில் ஓராண்டில் வந்தது. 1996 கோடையில் அட்லாண்டாவில் ஒலிம்பிக் நடந்தது. லியாண்டர் பயஸ் இந்தியாவுக்கு வெண்கலம் வென்ற அதே ஒலிம்பிக். அது முடிந்த மூன்றாவது வாரம், ஆகஸ்ட் 27 அன்று, 'ஏடிலியன்ஸ்' வெளியானது. அட்லாண்டாவின் சுருக்கெழுத்தான ஏடிஎல், ஏலியன்ஸ் இரண்டையும் ஒட்டவைத்த பெயர். அந்நியன், வேற்றுக்கிரகவாசி என இரு பொருளும் ஒரே சொல்லில். தமிழில் 'அயலான்' என்றால் கொஞ்சம் நெருங்கலாம். எங்களை அயலாராக நடத்தினீர்கள் அல்லவா, சரி, அயலாராகவே இருக்கிறோம் என்பதுதான் ஆல்பத்தின் தொனி.

இவர்களை வளர்த்த ஆர்கனைஸ்டு நாய்ஸ் குழுவின் பட்டறை, ரிகோ வேடின் தாயார் வீட்டு அடித்தளம். செம்மண் தரை. 'டன்ஜன்', அதாவது பாதாளச் சிறை, என்று அதற்குப் பெயர். இம்முறை இரட்டையரே சில பாடல்களுக்கு இசை அமைத்தனர். ஆண்ட்ரே மது, கஞ்சாவை விட்டு, சைவத்துக்கு மாறி, தலையில் டர்பன் கட்டியிருந்தார். பிக் பாய் ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையாகியிருந்தார். முதல் ஆல்பத்தின் வேட்டைக்காரத் துள்ளல் அடங்கி, இசையில் எதிரொலியும் வெற்றிடமும் கூடியிருந்தன. ஒரு பாடலில் டிரம்ஸே கிடையாது.

'எலிவேட்டர்ஸ்' பாடலில் பள்ளிக்காலத்து ஆள் ஒருவன் எதிர்ப்பட்டு, இப்போது உன் பாடு கொண்டாட்டம்தான் என்கிற தோரணையில் பேசுகிறான். ரசிகர்கள் நிறைய, ஆனால் கையில் காசு வாரக் கடைசிவரை தாங்காது என்கிறார் ஆண்ட்ரே. நகைக்கும் காருக்கும் பெயர்போன ராப்பில் இப்படியொரு வாக்குமூலம் அபூர்வம். அதையும் அதே இழுவைப் பேச்சில், எதையும் திருத்திக்கொள்ளாமல்.

ஆல்பம் முழுவதும் இந்தத் தரம் என்று சொல்ல முடியாது. நடுவில் சில பாடல்கள் ஒரே மந்தகதியில் நகர்ந்து பொறுமையைச் சோதிக்கின்றன. ஆனாலும் வெளியானவுடன் பில்போர்டு பட்டியலில் 2ஆம் இடம். பின்னர் இரட்டை பிளாட்டினச் சான்று, அதாவது 20 லட்சம் பிரதிகள்.

1998இல் அடுத்த ஆல்பமான 'அக்வெமினி' வந்தது. அதன் கடைசிப் பாடல் முடியும் இடத்தில் அந்த விருது மேடைப் பேச்சின் ஒலிப்பதிவைச் சேர்த்திருந்தார்கள்.