எரிவாயுவும் அண்டை நாடுகளும்

2025 ஜனவரி மாதத்தில், ஜெர்மன் சர்க்காருக்குச் சொந்தமான ஒரு கம்பெனி நமது பொதுத்துறை ஸ்தாபனமாகிய ‘கெயில்’ கம்பெனிக்கு 28½ கோடி டாலர் கொடுத்து ஒரு வழக்கைத் தீர்த்துக் கொண்டது. வர்த்தகச் செய்திகளோடு செய்தியாக இதுவும் போய்விட்டது. ஆனால் இதனுள் அடங்கியிருப்பது வர்த்தகம் மட்டுமன்று. தேசத்தின் சுயேச்சையைப் பற்றிய விஷயம் ஒன்றும் இதில் அடங்கியிருக்கிறது.

வழக்கின் வரலாறு வருமாறு. ருஷ்யாவின் ‘காஸ்ப்ரோம்’ கம்பெனியைச் சேர்ந்த ஒரு கிளை ஸ்தாபனம், 20 ஆண்டுகளுக்கு நமக்குத் திரவ வாயு அனுப்புவதாக 2012-இல் ஒப்பந்தம் செய்து கொண்டது. 2018 முதல் கப்பல்கள் வந்தன. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. மேற்படி கிளை, ஜெர்மனியில் பதிவாகியிருந்த ஒரு கம்பெனியின்கீழ் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஜெர்மன் சர்க்கார் அக்கம்பெனியைத் தங்கள் நிர்வாகத்தில் எடுத்துக் கொண்டனர். அதன்பின் நமக்கு வர வேண்டிய கப்பல்கள் வராமற் போயின. உர ஆலைகளுக்கும் இதர தொழிற்சாலைகளுக்கும் கொடுத்து வந்த வாயுவைக் குறைக்கும்படி கெயில் கம்பெனிக்கு நேர்ந்தது. யுத்தம் நடந்தது டினீப்பர் நதிக்கரையில். முறிந்தது நமது ஒப்பந்தம். இரண்டரை ஆண்டு கழித்து நஷ்டஈடு கிடைத்தது உண்மையே. ஆனால் பணத்தைக் கொளுத்தி யூரியா காய்ச்ச முடியாது.

நமது தேசம் செலவிடும் இயற்கை வாயுவில் ஏறக்குறையப் பாதி வெளிநாடுகளிலிருந்து வருகிறது. அவ்வளவும் கப்பலிலேயே வருகிறது. எல்லையைக் கடந்து வரும் குழாய் ஒன்றுகூட நமக்கு இல்லை. வாயுவைச் சைபருக்குக் கீழ் 162 டிகிரி வரையில் குளிரச் செய்தால் அது திரவமாகி, முன்பிருந்த இடத்தில் 600-இல் ஒரு பங்கில் அடங்கிவிடும். அப்படி அடக்கி ஏற்றி வந்ததைத் தாஹேஜ், கொச்சி, எண்ணூர் முதலிய துறைகளில் இறக்கி, மறுபடியும் ஆவியாக்கி, உள்நாட்டுக் குழாய்களில் விடுகின்றனர். குளிரச் செய்யும் கூலி, கப்பல் கூலி, மறுபடி சூடாக்கும் கூலி யாவும் வாங்குகிறவன் தலையில் விழுகின்றன. யூரியாவுக்கு மூலப்பொருள் இந்த வாயு. தஞ்சாவூர் நெல்லுக்கும் பஞ்சாப் கோதுமைக்கும் அந்த யூரியா வேண்டும். வாயு விலை ஏறினால் உர மானியம் ஏறும். மானியம் ஏறினால் அதைக் கொடுப்பது வரி செலுத்தும் ஜனங்களேயாவர்.

கிருஷ்ணா-கோதாவரிக் கடற்படுகையில் 2009-இல் வாயு எடுக்கத் தொடங்கியபோது, இனி வெளியார் தயவு வேண்டியதில்லை என்று பலர் எண்ணினர். 2010-இல் நாளொன்றுக்கு 6 கோடி கன மீட்டருக்கு மேல் வந்த அவ்வாயு, மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் மிகச் சிறிய அளவுக்குச் சரிந்து போயிற்று. 2020 முடிவிலிருந்து புதிய கிணறுகளால் ஓரளவு மீண்டும் ஏறியது. ஆயினும் அந்தப் பழைய நம்பிக்கையில் கட்டிய மின்சார நிலையங்கள் பல சும்மா கிடக்கின்றன. தேசம் முழுவதிலும் வாயுவால் இயங்கும் நிலையங்களின் சக்தி 20,000 மெகாவாட்டுக்கு மேல். கட்டுப்படியாகும் விலைக்கு வாயு கிடைக்காமையால் அதில் பெரும்பகுதி பயன்படுவதில்லை. சொந்தக் கிணறு போதாதென்றால் அடுத்த வீட்டுக் கிணற்றைப் பார்ப்பது உலக இயல்பு. நமக்கு மேற்கே இருக்கும் ஈரான், வாயுச் செல்வத்தில் ருஷ்யாவுக்கு அடுத்த தேசம். துருக்மேனிஸ்தானமும் முன்வரிசையில் இருப்பது. கிழக்கே பர்மா இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் குழாய் ஏன் வரவில்லை?

கிழக்குத் திசையை முதலில் எடுத்துக் கொள்வோம். ஏனெனில் நமது குற்றம் அதிகமாய்த் தெரிவது அங்கேதான். மியன்மா என்று இப்போது வழங்கும் பர்மாவில், அரக்கான் கரைக்கு அப்பால் கடலில் 2004-இல் பெரிய வாயு ஊற்று ஒன்று அகப்பட்டது. அதற்கு ‘ஷ்வே’ என்று பெயரிட்டனர். பர்மிய பாஷையில் பொன் என்று பொருள். கண்டெடுத்த கூட்டத்தில் தென் கொரியக் கம்பெனியோடு நமது எண்ணெய் - வாயுக் கமிஷனின் வெளிநாட்டுக் கிளையும் கெயில் கம்பெனியும் பங்காளிகள். 2005 ஜனவரியில் ரங்கூனில் இந்தியா, பங்களாதேஷ், பர்மா ஆகிய மூன்று நாடுகளின் மந்திரிகளும் கூடி, பங்களாதேஷ் வழியாக நமக்குக் குழாய் போடுவதென்று இணங்கினார்கள்.

டாக்கா சர்க்கார் தங்கள் நிலத்தின் வழியே குழாய் போவதற்குச் சில நிபந்தனைகள் கேட்டனர். நேபாளத்திலிருந்தும் பூடானிலிருந்தும் நீர்மின்சாரம் நமது நாட்டின் வழியே தங்களுக்கு வர இடம் தர வேண்டும். அவ்விரு நாடுகளோடு வர்த்தகம் செய்யப் பாதை வேண்டும். தங்கள் வர்த்தகப் பற்றாக்குறையைக் குறைக்க நாம் உதவ வேண்டும். இவையே அவர்கள் கேட்டவை. இவை குழாயோடு சம்பந்தமில்லாதவை, தனியே பேச வேண்டியவை என்று டில்லி கூறிற்று. பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. பர்மிய ராணுவ ஆட்சியினர் காத்திருக்கவில்லை. 2007 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் அவர்களுக்கு விரோதமாக வந்த தீர்மானத்தைச் சீனாவும் ருஷ்யாவும் ரத்து அதிகாரத்தால் தடுத்தன. 2008-இல் ஷ்வே வாயுவைச் சீனாவுக்கு விற்பதென்று ஒப்பந்தமாயிற்று. 2013-இல் சௌக்பியூ துறையிலிருந்து சீனத்து யுன்னான் மாகாணத்திற்குக் குழாய் ஓடத் தொடங்கிற்று.

வேடிக்கை இதோடு முடியவில்லை. ஊற்றில் நம் கம்பெனிகள் இரண்டுக்கும் சேர்த்து நான்கில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட பங்கு உண்டு. சீனாவுக்குப் போகும் அக்குழாயிலுங்கூட நூற்றுக்கு ஏறக்குறைய 12½ வீதம் பங்கு உண்டு. அதாவது, நமது பணத்தால் நமது பங்கு வாயுவைச் சீனாவின் அடுப்புக்கு நாமே அனுப்பி வருகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேபாளத்து மின்சாரத்தை இந்தியாவின் வழியாகப் பங்களாதேஷுக்கு அனுப்ப மூன்று நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் ஏற்பட்டது 2024 அக்டோபரில். அளவு 40 மெகாவாட். 2005-இல் டாக்கா கேட்ட பொருள்களில் முதன்மையானது இதுவே. அப்போது கொடுத்திருந்தால் பதிலுக்கு வாயு வந்திருக்கக்கூடும். 19 ஆண்டு கழித்துக் கொடுத்தோம். வாயுவோ அதற்கு 11 ஆண்டு முன்னதாகவே யுன்னானுக்குப் போய்விட்டது. சிறு நாடு கேட்பதைப் பெரிய நாடு பேரம் என்று இகழ்ந்து தள்ளுவதால் விளையும் நஷ்டத்திற்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டுமா?

மேற்குத் திசையின் கதை வேறு. ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்குச் சுமார் 2,700 கிலோ மீட்டர் குழாய் போடும் யோசனை 1989-லேயே எழுந்தது. ‘சமாதானக் குழாய்’ என்று அதற்குப் பெயரும் சூட்டினர். மயிலாடுதுறையின் பிரதிநிதியாயிருந்த ஸ்ரீ மணிசங்கர் ஐயர் எண்ணெய் மந்திரியாயிருந்த 2004 மே முதல் 2006 ஜனவரி வரையில் இவ்வேலை மும்முரமாய் நடந்தது. 2005 மார்ச்சில் டில்லிக்கு வந்த அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஸ்ரீமதி காண்டலீஸா ரைஸ், இக்குழாய் தங்களுக்கு உவப்பன்று என்பதை மறைக்கவில்லை. ஜூலையில் அமெரிக்காவோடு அணுசக்தி உடன்பாடு அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தில் ஈரானுக்கு எதிராக நாம் வாக்களித்தோம். 2008-க்குப் பின் குழாய்ப் பேச்சுக்குப் போவதையே நமது சர்க்கார் விட்டுவிட்டனர். ஈரானியக் கடலில் 2008-இல் நம் கம்பெனிகளே கண்டுபிடித்த பர்ஸாத்-பி வாயு ஊற்றையும், பல ஆண்டு பேச்சு முடிவு காணாமற் போனபின், 2021 மே மாதத்தில் ஈரான் தன் சொந்தக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டது.

துருக்மேனிஸ்தானத்திலிருந்து ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான் வழியாகப் பஸில்கா எல்லைக்கு வர வேண்டிய 1,814 கிலோ மீட்டர் குழாய்க்கு 2010-இல் கையெழுத்தாயிற்று. 2015 டிசம்பரில் அஸ்திவார விழாவும் நடந்தது. ஆண்டுக்கு 3,300 கோடி கன மீட்டரில் நமக்கு 1,400 கோடி என்று கணக்கும் போட்டார்கள். 2024-இல் ஹீராத்தை நோக்கி வேலை தொடங்கியதென்று அறிவிப்பு வந்தது. அதற்கு மேல் இதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பாகிஸ்தான் வழியே வரும் குழாயின் திருகு பாகிஸ்தான் கையில் அல்லவா இருக்கும் என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வியே. ருஷ்யாவும் உக்ரேனும் 2022 முதல் ஒன்றையொன்று குண்டு வீசி அழித்துக்கொண்டிருந்த காலத்திலும், ருஷ்ய வாயு உக்ரேன் நிலத்தின் வழியே ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த 2025 ஜனவரி 1-இல்தான் நின்றது. வழிக்கூலி பெறுகிறவன் குழாயை உடைக்க யோசிப்பான் என்பதற்கு இது சாட்சி. ஆனால் எதிர்ச் சாட்சியும் இருக்கிறது. 1960-இல் ஏற்பட்ட சிந்து நதி ஒப்பந்தம் 1965, 1971 யுத்தங்களைத் தாண்டி நின்றது. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பின் அதை நாமே நிறுத்தி வைத்தோம். குழாய் இருந்திருந்தால் அன்று அதன் கதி என்னவாயிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆகையால் மேற்கே குழாய் போடாததற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. போட வேண்டாமென்ற முடிவை நமது நலனைக் கருதி நாமே செய்தோமா, வாஷிங்டனின் முகத்தைப் பார்த்துச் செய்தோமா என்பதே நமது கேள்வி. 2005-இன் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஐயம் எழாமலிராது.

குழாய் வேண்டாம், கப்பலே சுதந்திரம், எந்நாட்டிலிருந்தும் வாங்கலாம் என்பது டில்லியில் வேரூன்றிய சித்தாந்தம். கப்பல் விலை அதிகம் கொடுப்பவனிடம் போகும் என்பதை 2022 காட்டிவிட்டது. ருஷ்யக் குழாய் வாயு குறைந்ததும் ஐரோப்பியர் உலகக் கடல்களிலுள்ள திரவ வாயுவை எல்லாம் வாரிக்கொண்டனர். பாகிஸ்தான் அவ்வாண்டு ஜூலையில் பத்துக் கப்பல்களுக்கு டெண்டர் கேட்டது, ஒருவரும் முன்வரவில்லை. பங்களாதேஷ் கைச்சந்தையில் வாங்குவதையே நிறுத்திக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்தது. நமது பங்கு என்னவாயிற்று என்பதை மேலே கூறினோம். இனி, நமக்கு அதிகமாக அனுப்பி வந்தது கத்தார். 2028 முதல் 20 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்க 2024 பிப்ரவரியில் மீண்டும் அதனோடு ஒப்பந்தமாயிற்று. கத்தார்க் கப்பல் ஹார்முஸ் ஜலசந்தியைக் கடந்தாக வேண்டும். அந்த ஜலசந்தியின் வடகரை ஈரான்! யாருடைய குழாயை வேண்டாமென்றோமோ அவருடைய வாசற்படி வழியேதான் நமது கப்பல் வர வேண்டியிருக்கிறது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதியபோது, ஜலசந்தியை மூட ஈரானியப் பாராளுமன்றம் தீர்மானம் செய்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நம் வீட்டுக்குள்ளேயும் சற்றுப் பார்க்க வேண்டும். கொச்சியில் 2013-இல் திறந்த வாயுத் துறை, உள்நாட்டுக்கு எடுத்துச் செல்லக் குழாயில்லாமல் பல ஆண்டுகள் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடந்தது. கோயம்புத்தூர் முதல் கிருஷ்ணகிரி வரையில் ஏழு ஜில்லாக்களின் வயல்களினூடே குழாய் போகவிருந்தது, குடியானவர்கள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகப் போடுங்கள் என்று சென்னை சர்க்கார் 2013-இல் கேட்டனர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 2016-இல் கம்பெனிக்குச் சாதகமாக முடிந்தது. சட்டம் ஜயித்தது, கம்பெனிக்குக் குடியானவனின் சம்மதம் கிடைக்கவில்லை. டாக்காவிடம் காட்டிய அதே தோரணையைப் பொங்கலூர்ப் பக்கத்து விவசாயியிடமும் காட்டினால் பலன் வேறாக எப்படி இருக்கும்?

சர்க்கார் செய்யத்தக்கவை சில உண்டு. கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் 53 லட்சம் டன்னுக்கு மேல் கொள்ளும் நிலவறைச் சேமிப்புக் கட்டியிருக்கின்றனர். வாயுவுக்கு அத்தகைய அவசரச் சேமிப்பு 2025 வரை கட்டப்படவில்லை. இதை முதலில் தொடங்க வேண்டும். கைச்சந்தையில் அலைவதைக் குறைத்து, ஒரு நாட்டோடு மட்டுமன்றிப் பல நாடுகளோடும் நீண்டகால ஒப்பந்தங்கள் செய்து கொள்ள வேண்டும். வங்காள விரிகுடாவில் இன்னும் தோண்டப்படாத இடங்கள் மூன்று நாடுகளுக்கும் இருக்கின்றன; நாளை அங்கே ஊற்று அகப்பட்டால் 2005-இன் பேச்சே திரும்ப வரும். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறியபின் உறவு கசந்ததை அறிவோம். அதற்காகவே இப்போது சொல்கிறோம்.

ரங்கூன் உடன்பாட்டுக்கும் சீன ஒப்பந்தத்திற்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகளில் டாக்காவுக்கு நமது சர்க்கார் எழுதியவை எவை, பெற்ற பதில்கள் எவை, எந்தக் காரியாலயத்தில் எத்தனை மாதம் அவை கிடந்தன என்பதை இருபதாண்டு கழிந்த பின்னும் தேசம் அறியவில்லை. அக்கடிதங்களைப் பாராளுமன்றத்தின் மேஜைமீது வைக்கும்படி எண்ணெய் மந்திரியை நமது பிரதிநிதிகள் கேட்க வேண்டும்.